பகையென எண்ணிய நீர்: இறுகிய பாறையினின்று எண்ணெய் பெற்ற வரலாறு

ஈழத்தின் கீழ்க்கரையிலே, மருதமுனை தொடக்கம் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஈறாக அடுத்தடுத்து அமைந்த ஊர்களில் கிணறு தோண்டுதல் பெருமுயற்சி வேண்டும் காரியமன்று. கிழக்கே கடலும் மேற்கே நெல்வயலுமாக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம் அது. சில அடி ஆழத்திலேயே நன்னீர் ஊறும். பூவல் ஒன்று தோண்டினாலும் குடிக்க நீர் கிடைக்கும். ஆயினும் அந்நன்னீருக்கு அடியிலே, அதே மணலின் துளைகளில், கடலின் உவர்நீர் பரவி நிற்கின்றது. பாரங் குறைந்த நன்னீர் பாரங் கூடிய உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நிற்குமாயின், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபன் என்பாரும் 1901இல் ஜேர்மானியரான ஹேர்ஸ்பேக் என்பாரும் தனித்தனியே கண்ட கணக்காகும். மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி உவர் ஏறிவரும் என்பது அக்கணக்கின் மறுபக்கம்.

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கி இவ்வூர்களை அழித்தபோது கிணறுகள் யாவும் உவர்நீரால் நிரம்பின. உயிர் தப்பியோரும் உதவிக்கு வந்தோரும் நல்லெண்ணத்தோடு பம்பிகளை வைத்து அக்கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தனர். கிணற்றுச் சேறு அகன்றது, உவர் அகலவில்லை. மிதமிஞ்சி இறைத்தவிடத்து, மேலே எஞ்சியிருந்த மெல்லிய நன்னீர்ப் படை குலைந்து அடியிலிருந்த உவர் மேலே இழுபட்டது. ஆகவே மேலும் இறைத்தலாகாது என நீரியல் அறிஞர் அறிவுறுத்த நேர்ந்தது. மழைநீர் மேலிருந்து இறங்கி உவரைக் கீழே தள்ளிய பின்னரே நீர் படிப்படியாக இனித்தது.

ஒரே மணலின் துளைகளில் இரண்டு திரவங்கள் உறையும்போது ஒன்றை எடுத்த இடத்தை மற்றொன்று வந்து நிரப்பும் என்பது இங்கு கண்ட உண்மை. பெற்றோலியக் கிணறுகளிலும் இதுவே நிகழ்கின்றது. அங்கே எண்ணெய் மேலும் நீர் கீழுமாக நிற்கும். எண்ணெய்க் கிணற்றுக்காரருக்கு நீர் நெடுங்காலம் பேரச்சம் தந்த பொருளாயிருந்தது. நீர் புகுந்த கிணறு செத்த கிணறு என்பது அவர்தம் கொள்கை. அதே மக்கள் பிற்காலத்தில் தம் கையாலேயே பாறைக்குள் நீரைப் பாய்ச்சி, அந்நீரைக்கொண்டு எண்ணெயை வெளியே தள்ளுவிக்கத் துணிந்தனர். இன்று உலகில் எண்ணெய் பெறும் துணைமுறைகளுள் நீர் புகுத்தலே மிகப் பரந்து வழங்குவது. பகையெனக் கொண்ட ஒன்றைத் துணையெனக் கொள்ள மனிதருக்கு ஏன் அரை நூற்றாண்டுக்குமேற் சென்றது? துளைகள் மிக நுண்ணியவாய் இறுகிக் கிடக்கும் பாறைகளில் இம்முறை எவ்வாறு தடுமாறியது, எவ்வாறு வழி கண்டது? இவ்விரு வினாக்களுமே இக்கட்டுரையின் பொருள்.

1859ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துத் தைற்றஸ்வில் என்னும் ஊரருகே எட்வின் டிரேக் என்பார் தோண்டுவித்த கிணற்றில் ஏறத்தாழ 69 அடி ஆழத்தில் எண்ணெய் கண்டது பலரும் அறிந்ததே. அதற்குப் பின் சில ஆண்டுகளில் அப்பள்ளத்தாக்குகள் எங்கும் துளைக்கிணறுகள் மலிந்தன. அக்காலக் கிணற்றின் அமைப்பை அறிந்தாலன்றி நீர் பற்றிய அச்சம் விளங்காது. எண்ணெய் மணற்கல்லுக்கு மேலே நன்னீர்ப் படைகள் இருந்தன. கிணற்றுத் துளை அவற்றை ஊடறுத்தே கீழே சென்றது. மேலிருந்த நீர் துளைவழியே இறங்காதிருக்க, ஆளிவிதை நிரப்பிய தோற்பை ஒன்றை எண்ணெய்க் குழாயைச் சுற்றிக் கட்டி இறக்குவர். விதை நனைந்து பருத்துத் துளையை இறுக அடைத்துக்கொள்ளும். எளிய ஏற்பாடாயினும் பழுதுபார்க்கக் குழாயை மேலே இழுக்கும் ஒவ்வொரு முறையும் அடைப்பு அறுந்து, மேல்நீர் முழுதும் எண்ணெய்ப் படைக்குள் வீழ்ந்தது. தோண்டிக் கைவிட்ட கிணறுகளிலோ அடைப்பே இல்லை. ஒருவன் விட்டுச்சென்ற கிணற்றால் அயலவனுடைய கிணற்றில் எண்ணெய்க்குப் பதிலாக நீர் வந்தது. பித்தோல் என்னும் ஊர் 1865இல் சில மாதங்களுள் நகரமாகப் பொலிந்து, எண்ணெய் வற்றிச் சில ஆண்டுகளுள் வெறும் புல்வெளியாகியது. அவ்வூர்க் கிணறுகளிலும் 1865இலேயே இவ்வாறு நீர் புகுந்ததாக வரலாறு கூறும்.

இந்நிலையிலே, கைவிடும் கிணற்றை உடையவனே அடைத்துவிடல் வேண்டும். எண்ணெய் மணற்கல்லில் நீர் இறங்கவிடல் குற்றம் எனப் பென்சில்வேனியாவிற் சட்டம் எழுந்தது. பின்வந்தோர் சிலர் அச்சட்டத்தை அறியாமையின் சின்னமென எள்ளுவர். அது நேர்மையான தீர்ப்பன்று. தன் போக்கில் விழும் நீர் எளிய வழியைத் தேடி ஓடும். எண்ணெயை ஒதுக்கிவிட்டு அடுத்த கிணற்றை அடையும். இடைப்பட்ட எண்ணெய் தீவுபோலத் துண்டுபட்டுப் பாறையிலேயே சிறைப்படும். சட்டம் செய்தோர் தம் கண்முன் கண்டது இதுவே. அவர்கள் காணாதது, அதே நீர் ஒழுங்குபடச் செலுத்தப்படின் என்செய்யும் என்பது.

அதனைக் கண்டவர் ஜோன் கார்ல் என்னும் நிலவியலார். பென்சில்வேனியாவின் இரண்டாம் நிலவியல் அளவைக்காக எண்ணெய்ப் பிரதேசங்களை நெடுங்காலம் சுற்றிப் பார்த்தவர் அவர். எண்ணெய் பாறையினடியில் ஆறாகவோ ஏரியாகவோ கிடக்கிறதென்று பலரும் நம்பிய காலத்தில், அது மணற்கல்லின் நுண்டுளைகளிலேயே தங்கியிருக்கின்றது என வற்புறுத்தினார். 1880இல் வெளிவந்த அறிக்கையில், ஒரு கிணற்றினூடாக இறங்கும் நீர் எண்ணெயை முன்னே தள்ளி வேறு கிணறுகளை நோக்கிச் செலுத்தலாம், அதனால் பெறும் எண்ணெய் கூடவும் இடமுண்டு என்ற கருத்தை எழுதிவைத்தார். அயலவன் கிணற்றில் நீர் வந்த செய்தியைப் பிறர் நட்டமென்றே படிக்க, அந்நீர் வருமுன் சிலகாலம் எண்ணெய் பெருகியதனை அவர் கவனித்தார் போலும். கருத்து அச்சேறியது, ஆனால் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சட்டப்படி எவரும் அதனைச் செய்ய முடியவில்லை.

1871இல் கண்டறியப்பட்ட பிராட்போட் வயலே இக்கருத்தின் பரிசோதனைக் களமாயிற்று. 1881ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பெறப்பட்ட எண்ணெயின் பெரும்பகுதி இவ்வொரு வயலிலிருந்தே வந்தது. அவ்வாண்டின் விளைவு ஏறத்தாழ 2 கோடி 30 இலட்சம் பீப்பாய். அதன்பின் வீழ்ச்சி விரைந்தது. பாறையில் எண்ணெய் அற்றுப்போனமையால் அன்று; எண்ணெயைத் தள்ளிய வாயு தீர்ந்தமையால். எண்ணெயிற் கரைந்திருக்கும் வாயு, அமுக்கம் குறையும்போது குமிழியாகப் பிரிந்து எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். வாயு போனபின் எண்ணெய் அசைய வலுவின்றி நிற்கும். பிராட்போட்டின் மணற்கல்லோ நுண்மணியானது, இறுகியது. அதன் எண்ணெயிற் பெரும்பங்கு பாறையிலேயே எஞ்சிற்று.

கிணற்றுக் குழாய்கள் துருப்பிடித்துப் பொத்தலாயின. மேல்நீர் கசிந்தது. அவ்வாறு கசிந்த கிணறுகளின் அயலிலே, வற்றிய கிணறுகள் மீண்டும் சுரக்கத் தொடங்கியதைச் சிலர் கண்டனர். கண்டவர் வாய்திறக்கவில்லை. தம் நிலத்துப் பழங்கிணறு ஒன்றின் குழாயை மறைவாகத் துளைத்தோ உருவியோ நீரை உள்ளே விட்டனர். சட்டத்தின் கண்ணில் அது குற்றம். அயலவர் கண்ணில் அநீதி. கணக்குப் புத்தகத்தில் ஆதாயம். இவ்வாறு இரகசியமாகவே 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளும் 20ஆம் நூற்றாண்டின் முதலிரு தசாப்தங்களும் கழிந்தன. கல்முனைப் பகுதி வயல்களிலே நீர்ப்பங்கீட்டில் முறைகேடு நேராதிருக்க வட்டைவிதானை ஒருவர் உண்டு. எவர் வரம்பை எவர் வெட்டினாலும் கேட்பதற்கு ஆளுண்டு. நிலத்தடியில் ஓடும் நீருக்கு அத்தகைய ஒருவர் அங்கே இருக்கவில்லை. தன் நிலத்துக் கிணற்றில் ஏறிவரும் எண்ணெய் எங்கிருந்து வந்ததாயினும் தன்னதே என்பது அந்நாட்டு வழக்கு. நீரைத் தடுத்த சட்டத்துக்குப் பின்னால் நின்ற உண்மையான சிக்கல் இவ்வுடைமை வழக்கே எனலாம். பாறை அதற்கு அடுத்தபடிதான்.

நியூயோர்க் மாநிலம் 1919இலும் பென்சில்வேனியா 1921இலும் பிராட்போட் மணற்கல்லில் நீர் புகுத்துவதைச் சட்டப்படி அனுமதித்தன. அதன்பின் இரகசியம் தொழிற்கலையாக மாறிற்று. முதலில் ஒரு கிணற்றில் நீரை விட்டு, சுற்றியுள்ள கிணறுகளில் நீர் எட்டியதும் அவற்றையும் நீர்க்கிணறாக்கி வட்டத்தை விரித்துச் சென்றனர். அது மந்தமாயிற்று. பின் நீர்க்கிணறுகளை ஒரு வரிசையாகவும் எண்ணெய்க் கிணறுகளை அடுத்த வரிசையாகவும் நிறுத்தினர். 1924இல் வயலின் தென்பாகத்தில் மூன்றாவதொரு முறை முயலப்பட்டது: சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நீர்க்கிணறு, நடுவில் எண்ணெய்க் கிணறு. நான்கு திசைகளிலிருந்தும் நீர் நெருக்க, நடுவே எண்ணெய் கூடும். தென்னையை ஐம்புள்ளியாக நடுவோருக்கு இவ்வமைப்பு உடனே விளங்கும். இறுகிய பாறையில் நீர் தொலைதூரம் செல்லாதாகையால் கிணறுகள் அண்மித்து நிற்றல் வேண்டும். ஐம்புள்ளி முறை அதற்குப் பொருந்தியது. 1937 அளவிலே, செத்ததெனக் கருதிய பிராட்போட் வயல் தன் இரண்டாம் உச்சத்தை அடைந்தது. அவ்வாண்டின் விளைவு 1881ஆம் ஆண்டு விளைவுக்கு முற்றும் நிகராகாவிடினும் அதற்கு வெகுதூரத்தில் நிற்கவில்லை.

பிராட்போட்டில் தொழில் முந்திற்று, அறிவியல் பின்தொடர்ந்தது. அந்த அறிவியலின் வேர் எண்ணெயில் இல்லை, ஒரு நகரின் குடிநீரில் உள்ளது. பிரான்சு நாட்டின் டீஜோன் நகருக்கு நீர்வழங்கல் அமைத்த பொறியியலாளர் ஹென்றி டார்சி, மணல் வடிகட்டியினூடு நீர் எவ்வளவு விரைவிற் செல்லும் என்று அளந்து, 1856இல் வெளியிட்ட நூலில் ஒரு விதியைத் தந்தார். அமுக்க வேறுபாடு இரட்டித்தால் ஓட்டம் இரட்டிக்கும். மணற்படையின் தடிப்பு இரட்டித்தால் ஓட்டம் பாதியாகும். எஞ்சியது அம்மணலின் இயல்பு. அவ்வியல்பே உட்புகவிடுமியல்பு எனப்படுவது. 1930களில் எண்ணெய் ஆராய்ச்சியாளர் அதனை அளக்கும் அலகுக்கு டார்சியின் பெயரையே இட்டனர். தூய கடற்கரை மணலின் உட்புகவிடுமியல்பு பல டார்சியாகும். நல்ல எண்ணெய்ப் பாறை சில நூறு மில்லிடார்சி, அதாவது டார்சியின் ஆயிரத்திலொரு பங்கிற் சில நூறு. பத்து மில்லிடார்சிக்குக் குறைந்தவற்றை இறுகிய பாறைகளுள் வைக்கலாம். ஒரு மில்லிடார்சிக்கும் கீழானவையும் உண்டு. வேறெதுவும் மாறாதிருக்க, கல்முனைக் கிணற்றில் ஒரு நாளில் ஊறும் நீர் அத்தகைய பாறையில் ஊறுவதற்குப் பல்லாண்டுகள் செல்லும்.

அமுக்கத்தைக் கூட்டினால் தீராதா எனின், முழுதும் தீராது. அளவு மீறிய அமுக்கத்தில் பாறை பிளக்கும். பிளவுவழியே நீர் பாய்ந்து எண்ணெயை விட்டு ஓடிவிடும். ஆனால் நுண்டுளைக்கு ஒரு நல்லியல்பும் உண்டு. மயிர்த்துளைக் குழாய் எவ்வளவு ஒடுங்கியதோ அவ்வளவு உயரத்துக்கு நீர் அதனுள்ளே ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் ஒற்றுத்தாளில் மை பரவுவதும் இவ்வாற்றலாலேயே. பாறையின் மணிகள் எண்ணெயைவிட நீரை விரும்பி நனையும் இயல்பினவாயின், துளை நுண்ணியதாக ஆகப் பாறை நீரைத் தானே உறிஞ்சும். உறிஞ்சிய அளவுக்கு எண்ணெயை வெளியே கக்கும். பெருந்துளையில் நீர் தள்ளும் வேலையைச் செய்கிறது. நுண்டுளையில் பாறையே குடிக்கும் வேலையைச் செய்கிறது. இவ்வேறுபாட்டை உணராதவரை இறுகிய பாறையில் நீர் புகுத்திய முயற்சிகள் பெரும்பாலும் ஏமாற்றமே தந்தன.

ரெக்சாசு மாநிலத்தின் மேற்கே 1949 அளவில் எழுச்சி பெற்ற ஸ்பிராபெரி வயல் இதற்குத் தக்க சான்று. அதன் பாறையின் உட்புகவிடுமியல்பு ஒரு மில்லிடார்சிக்கும் குறைவு. பரப்போ மிகப் பெரிது. இயற்கையான செங்குத்துப் பிளவுகள் பாறையெங்கும் ஓடியமையால் முதலிற் கிணறுகள் நன்றாகச் சுரந்தன. அது பிளவிலிருந்த எண்ணெய். பிளவு வற்றியதும் கிணறு தளர்ந்தது. பாறைத் துண்டுகளிலுள்ள எண்ணெயிற் பத்திலொரு பங்குகூட வெளிவராதென மதிப்பிட்டனர். வழக்கம்போல நீரைப் புகுத்தினால் அது பிளவுவழியே நேரே ஓடி எண்ணெய்க் கிணற்றை அடையும் என்பது தெளிவு. 1952இல் பிரவுன்ஸ்கோம், டைஸ் என்னும் இருவர் எதிர்மாறாகச் சிந்தித்தனர்: பிளவுவழியே நீர் ஓடட்டும், ஓடும் நீரைப் பாறைத் துண்டுகள் இருபுறமும் நின்று உறிஞ்சட்டும், உறிஞ்சி விடுத்த எண்ணெயை அப்பிளவே சுமந்து வரட்டும். தடையெனக் கண்ட பிளவு வாய்க்காலாயிற்று. ஆனால் பாறை உறிஞ்சும் விரைவுக்கே எண்ணெய் வரும். பம்பியின் விரைவுக்கு வராது. பின்னர் எல்கின்ஸ், ஸ்கோவ் என்போர் 1963இல் வேறொரு வழியைக் கூறினர்: சிலகாலம் நீரைப் புகுத்தி அமுக்கத்தை ஏற்றுதல், பின் நீரை நிறுத்தி எண்ணெயை எடுத்தல், மறுபடியும் ஏற்றுதல். நீரை நிறுத்தி அமுக்கத்தைத் தளரவிடும்போது, பாறைக்குள் நெருக்குண்டிருந்தவை விரிந்து எண்ணெயைப் பிளவுக்குத் தள்ளும். நீரையோ நுண்டுளை பிடித்துவைக்கும். இவையெல்லாம் ஓரளவே பயன்தந்தன என்பதையும் சொல்லவேண்டும். ஸ்பிராபெரி அண்மைக் காலத்தில் மீண்டும் பெருவிளைவு தந்தது, கிடையாகத் துளைத்துப் பாறையை வலிந்து பிளக்கும் புதிய முறையினாலேயே.

சோவியத் நாட்டார் வேறொரு வழியால் இவ்விடம் வந்தனர். அங்கே நிலமும் எண்ணெயும் அரசினுடையன. அயலவன் கிணறு என்ற பேச்சே இல்லை. 1948இலேயே துய்மாசி வயலின் விளிம்பைச் சுற்றி நீர் புகுத்தத் தொடங்கினர். வயல் வற்றுமளவும் காத்திராது, இளமையிலேயே அமுக்கத்தைக் காத்தல் அவர் கொள்கை. சீனரும் 1959இற் கண்ட தாசிங் வயலில் அடுத்த ஆண்டே நீர் புகுத்தலாயினர். பென்சில்வேனியாவில் நாற்பது ஆண்டுகள் சட்டத்திற் கழிந்ததையும் இதனையும் ஒப்பிடுவோர் தனியுடைமையைக் குறைகூற விரைதல் கூடும். ஆனால் இடைப்பட்ட காலத்தில் கார்ல், டார்சி, பிராட்போட்டின் இரகசியக் கிணற்றுக்காரர் ஆகியோர் ஈட்டிய அறிவு முழுவதும் பின்வந்தோர் கையிலிருந்தது என்பதை மறத்தலாகாது.

இந்தியாவிலே இம்முறை வேரூன்றிய வரலாறு சோவியத் தொடர்போடு பிணைந்தது. அசாமின் டிக்போயில் 1889இலேயே எண்ணெய் கண்டிருப்பினும், விடுதலைக்குப் பின் எண்ணெய் தேடும் பணியை அரசு தானே மேற்கொண்டது. எண்ணெய் இயற்கைவாயு ஆணைக்குழு 1956இல் அமைந்தது. அமைச்சர் கே. டி. மாளவியாவின் முயற்சியால் சோவியத், உருமேனிய வல்லுநர் துணைக்கு வந்தனர். 1960இல், நருமதையின் தென்கரைப் புறத்தே அங்கிலேஷ்வரில் எண்ணெய் வெளிப்பட்டது. அக்கிணற்றுக்கு வசுதாரா என்று நேரு பெயரிட்டார். அடுத்த ஆண்டு விளைவு தொடங்கிற்று. 1966இல், கண்டறிந்து ஆறே ஆண்டுகளில், நீர் புகுத்தலும் தொடங்கிற்று. அவ்வயல் ஒரே மணற்கல்லன்று. ஒன்றன்மேலொன்றாய் அடுக்கிய பல படைகளையுடையது. ஒரு படை இளகியதும் அடுத்தது இறுகியதுமாக இருக்க, புகுத்திய நீர் இளகிய படையினூடே முந்தி ஓடியது. இறுகிய படை பின்தங்கிற்று. ஆகவே எந்தப் படைக்கு எவ்வளவு நீர் என்று தனித்தனி அளந்து செலுத்த வேண்டியதாயிற்று. 1974இல் அரபிக்கடலில் கண்ட பம்பாய் ஹை வயலிலும் 1984 முதல் நீர் புகுத்தப்படுகின்றது. அங்கே பயன்படுவது கடல்நீர்.

கடல்நீரை அப்படியே பாறைக்குள் விடுதல் இயலாது. அதிலுள்ள நுண்துகள்கள் இறுகிய பாறையின் வாய்களைச் சில நாளில் அடைத்துவிடும். ஒட்சிசன் குழாய்களை அரிக்கும். பற்றீரியாக்கள் பெருகிக் கந்தக நாற்றமுள்ள நச்சுவாயுவை உண்டாக்கும். கடல்நீரின் சல்பேற்றும் பாறைநீரின் பேரியமும் கூடினால் கல்போன்ற படிவு உண்டாகிக் கிணற்றையே மூடும். நன்னீரும் தீங்கற்றதன்று. களி கலந்த மணற்கல்லில் நன்னீர் பட்டால் களி வீங்கித் துளையை அடைக்கும். குடிப்பதற்குத் தூய்மையாக்கும் நீரைவிடச் சிலவகையில் மேலான தூய்மை, எவரும் காணாத பாறைக்குள் செல்லும் நீருக்கு வேண்டியதாயிற்று.

இறுகிய பாறையில் நீர் வென்றதற்கும், வென்றவாறே கேடுசெய்ததற்கும் நோர்வேயின் எக்கோபிஸ்க் வயல் ஒருங்கே சான்றாகும். 1969இன் இறுதியில் வடகடலில் கண்டறியப்பட்ட இவ்வயலின் பாறை சோக்கு. வகுப்பறைக் கரும்பலகையில் எழுதப் பயன்பட்ட அப்பொருளே. அதன் கனவளவில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட இடங்களும் உண்டு என்னுமளவு துளை மிகுந்தது. ஆனால் துளைகள் அத்துணை நுண்ணியவாதலின் பாறையின் உட்புகவிடுமியல்பு சில மில்லிடார்சிக்கு மேற்போகாது. 1971இல் விளைவு தொடங்கியபோது பாறையிலுள்ள எண்ணெயில் 100க்கு 17 அல்லது 18 வீதமே கிடைக்குமென எண்ணினர். அமுக்கம் குறையக் குறைய, மென்மையான சோக்கு மேற்பாரம் தாங்காது நசுங்கிற்று. 1984இல், கடலடி ஏறத்தாழ 3 மீற்றர் தாழ்ந்துவிட்டது தெரியவந்தது. மேடைகள் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. 1987இல் அம்மேடைகளின் கால்களை அறுத்து 6 மீற்றர் உயர்த்தினர். இரும்புக் கட்டடங்களை நடுக்கடலில் ஒருங்கே உயர்த்திய அச்செயல் பொறியியல் வரலாற்றில் அரியதொன்று.

அதே ஆண்டில் பெருமளவு நீர் புகுத்தலும் தொடங்கிற்று. சோக்கு நீரை ஆவலோடு உறிஞ்சியது. உறிஞ்சிய அளவு எண்ணெயை வெளிவிட்டது. பிரவுன்ஸ்கோமும் டைஸும் ஸ்பிராபெரிக்கு எண்ணிய வழி இங்கேயே உண்மையிற் பலித்தது எனலாம். பெறக்கூடிய எண்ணெயின் மதிப்பு 100க்கு 50 வீதம் என்னுமளவுக்கு உயர்ந்தது. அமுக்கம் மீண்டதால் நிலம் தாழ்வது நின்றுவிடும் என்றும் எதிர்பார்த்தனர். அது நிற்கவில்லை. நீர் பட்ட சோக்கு மேலும் மென்மையாயிற்று. நீர் முன்னேறிய இடங்களிலெல்லாம் பாறை தொடர்ந்து நசுங்கியது. எண்ணெயை மீட்ட அதே நனைதலே பாறையையும் தளர்த்திற்று. 1990களின் இறுதியில் பழைய மேடைகள் பலவற்றை விட்டுப் புதியன அமைக்க வேண்டியதாயிற்று.

சீனத்தின் வடமேற்கே, மஞ்சட் புழுதிமண் மேட்டுநிலத்தில் உள்ள சாங்சிங் வயல்கள் இறுகிய பாறையில் நீர் புகுத்தும் தொழிலின் இன்றைய பெருங்களம். அங்குள்ள அன்சாய் போன்ற வயல்களின் பாறை ஒன்றிரண்டு மில்லிடார்சியே. அமுக்கம் ஒருமுறை வீழ்ந்தால் அத்தகைய பாறையின் துளைகள் ஒடுங்கி, பின்னர் அமுக்கம் ஏறினாலும் முன்போல விரிவதில்லை என்று கண்டு, எண்ணெய் எடுக்கத் தொடங்குமுன்னரே நீரைப் புகுத்தி அமுக்கத்தை உயர்த்திவைக்கும் முறையை அவர்கள் வளர்த்தனர். எண்ணெயும் வாயுவும் சேர்ந்து 2013இல் சாங்சிங்கின் ஆண்டு விளைவு ஐந்து கோடித் தொன்னைத் தாண்டியது. ஆயின் அது மழை குறைந்த நாடு. எண்ணெயோடு மேலே வரும் பாறைநீரைச் சுத்திகரித்து மீண்டும் புகுத்துதல் அங்கே சிக்கனம் மட்டுமன்று, கட்டாயமும் ஆகும்.

நீரின் உரிமை பற்றிய இக்கேள்வி தமிழ் நிலத்துக்கும் புதிதன்று. காவிரி வடிநிலத்தில் நரிமணம் முதலிய இடங்களில் 1980கள் முதல் எண்ணெய் பெறப்பட்டது. நாகப்பட்டினத்தருகே சுத்திகரிப்பு நிலையம் 1993இல் எழுந்தது. நெல் விளையும் நிலத்தின் ஊடாக எண்ணெய்க் குழாய் செல்வதையும் நிலத்தடி நீர் கெடுமோ என்பதையும் குறித்து அங்குள்ள உழவர் எழுப்பிய குரல் 2017இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் பெரும் போராட்டமாயிற்று. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2020இல் இயற்றிய சட்டம் அக்கழிமுக மாவட்டங்களைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிப் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடைசெய்தது. பென்சில்வேனியாவின் சட்டம் நீரிலிருந்து எண்ணெயைக் காக்க எழுந்தது. இச்சட்டம் எண்ணெயிலிருந்து நீரைக் காக்க எழுந்தது.

அதே வடிநிலம் பாக்குநீரிணையின் அடியாக ஈழத்தின் வடமேல் கரைவரை நீள்கின்றது. இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 1970களின் நடுப்பகுதியில் சோவியத் உதவியுடன் மன்னார்த் தீவின் பேசாலையில் துளைத்துப் பார்த்தது. பயன்தரு எண்ணெய் கிட்டவில்லை. அதற்குத் தெற்கே மன்னார் வடிநிலத்தின் ஆழ்கடலில் 2011இல் கெயின் லங்கா கம்பனி துளைத்த கிணறுகளுள் டொராடோ, பரகூடா என்னும் இரண்டில் இயற்கைவாயு வெளிப்பட்டது. ஆனால் 2015இல் அக்கம்பனி விலகிச் சென்றது. ஈண்டு ஒரு வேறுபாடு நோக்கற்பாலது. எண்ணெயைத் தள்ளும் நீர் வாயுவைத் தள்ளாது. வாயுப் படைக்குள் நீர் முன்னேறின் நுண்டுளைகளின் வாயை அடைத்து வாயுவை உள்ளேயே சிறையிடும். ஆகவே மன்னாரில் என்றேனும் வாயு எடுக்கப்படுமாயின், அங்குள்ளோர் செய்யவேண்டுவது நீரைப் புகுத்துதல் அன்று. பித்தோலின் கிணற்றுக்காரர் ஆளிவிதைப் பை கட்டிச் செய்ததுபோல அதனை வராமல் தடுத்தலேயாம்.